சாவியும் சாட்சியும்



பெருநாளுக்கு இரண்டு நாட்கள் இருந்தன. மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். சென்னையிலிருந்து வந்த இரயில் பெண்ணாடம் நிலையத்தில் நின்று புறப்படும் ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் தோளில் பையுடன் ஓர் இளைஞர் என் எதிரில் வந்து சலாம் உரைத்தார். சிறுவயதில் என்னிடம் ஓதியவர். பொறியியல் படித்து, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவர். வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிவாசலுக்கு வந்திருந்தார்.

"ஹஜ்ரத், வீட்டுக்குப் போகுமுன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அத்தாவிடம் சொன்னால் பயந்துவிடுவார்கள்" என்றார்.

அவருடைய அத்தா முப்பது ஆண்டுகள் அரிசி ஆலையில் கணக்கெழுதி ஓய்ந்தவர். மகனுடைய சம்பளத்தில்தான் அக்காவின் திருமணக் கடனும் வீட்டுக் கடனும் அடைந்து வருகின்றன. இதை ஊரே அறியும்.

"சொல் தம்பி" என்றேன்.

அவருடைய பணிக்கு 'டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று பெயர். வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் கொடுக்கும் புகார்கள் யாவும் இவர் பாதுகாக்கும் பதிவேட்டில் சேருகின்றன. ஒவ்வொரு புகாரையும் நான்கு மணி நேரத்திற்குள் தீர்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். தாமதமானால் இவருடைய நிறுவனம் அபராதம் செலுத்த வேண்டும். அந்த மாதத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட புகார்கள் காலம் கடந்து தீர்க்கப்பட்டிருந்தன. ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்கு மேலதிகாரி தொலைபேசியில் அழைத்திருக்கிறார். 'அந்தப் புகார்கள் முடிந்த நேரத்தை மட்டும் சற்று முன்னதாக மாற்றிவிடு. பெருநாள் முடிந்து நீ வந்ததும் அறிக்கை அனுப்பிவிடலாம்' என்று கூறியிருக்கிறார். சென்ற ஆண்டு இவரோடு பணியாற்றிய இருவர் வேலையிழந்ததையும் இடையில் நினைவூட்டியிருக்கிறார்.

"ஐந்து நிமிட வேலை ஹஜ்ரத். மாற்றியவன் யார் என்று கணினியில் பதிவாகும். அந்தப் பதிவையும் நானே அழித்துவிட முடியும். என் கையில் எல்லாச் சாவியும் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது" என்றார்.

கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் நான். கணினி பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆயினும், பிறருடைய கணக்கைத் தம் கையில் வைத்திருப்பவனின் நெருக்கடி புதிதன்று. அது ஏடு தோன்றிய நாளிலேயே தோன்றியது. அன்றிரவு அவர் எனக்கு விளக்கியவற்றையும், பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் இப்பணியில் இருக்கிறார்கள். அவர்கள் சுமப்பது என்னவென்று அவர்களைப் பெற்றோர் அறிய வேண்டாமா?

ஏடு காக்கும் வேலை

டேட்டாபேஸ் என்ற சொல்லைக் கேட்டு மலைக்க வேண்டாம். தமிழில் தரவுத்தளம் என்கிறார்கள். நம் பள்ளிவாசலில் நிக்காஹ் தஃப்தர் இருக்கிறதல்லவா? மணமகன் பெயர், மணமகள் பெயர், வலியின் பெயர், மஹர், சாட்சிகள், தேதி என்று கட்டம் கட்டமாக எழுதி வைக்கிறோம். அத்தகைய கோடிக்கணக்கான வரிகளைக் கணினிக்குள் ஒழுங்காக வைத்து, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பதே தரவுத்தளம். வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, இரயில் முன்பதிவு, மருத்துவமனைச் சீட்டு, பட்டா என இன்று நம் வாழ்வின் பாதி அதற்குள் இருக்கிறது.

நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கர்ணம் நினைவிருக்கும். யாருக்கு எத்தனை சென்ட் நிலம், என்ன சாகுபடி என்பதெல்லாம் அவருடைய சிட்டாவிலும் அடங்கலிலும் இருந்தன. 1980ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரம்பரையாக வந்த அப்பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. ஏடு காப்பவன் கையில் எத்துணை அதிகாரம் குவியும் என்பதை நம் கிராமங்கள் அனுபவத்தால் அறியும். இன்று அந்த ஏடு கணினிக்குள் போய்விட்டது. ஏடு காப்பவனும் நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் அறைக்குள் போய்விட்டான்.

1970ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற ஆங்கிலேய அறிஞர், தகவல்களை அட்டவணைகளாக அமைத்து ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் முறையை வகுத்து வெளியிட்டார். இன்று உலகில் பெரும்பாலான அலுவலகக் கணக்குகள் அம்முறையில்தான் ஓடுகின்றன. அவருக்குப் பின் வந்த ஜிம் கிரே என்பவர் மற்றொரு முக்கியமான சிக்கலைத் தீர்க்கப் பாடுபட்டார். நீங்கள் கடைக்காரருக்கு ஐந்நூறு ரூபாய் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் கழிக்க வேண்டும், அவர் கணக்கில் கூட்ட வேண்டும். கழித்த பிறகு, கூட்டுவதற்கு முன் மின்சாரம் நின்றுவிட்டால்? பணம் எங்கே போகும்? ஆகவே இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்காதிருக்க வேண்டும் என்பது விதி. இத்துறையில் ஆற்றிய பணிக்காக 1998ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இவ்விதியைக் காப்பதற்குக் கணினி ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறது. எதை மாற்றப் போகிறோமோ அதை முதலில் தனிக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகே பேரேட்டில் கை வைக்கிறது. நம் வணிகர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது இதுதான்! அன்றாடக் குறிப்பேடு முதலில், பேரேடு பின்னர்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொருட்கள் செய்வோரைக் கேட்டுப் பாருங்கள். களிமண் ஈரமாக இருக்கும்வரை அழித்து மீண்டும் பிடிக்கலாம். சூளையில் வெந்து வந்த பின் கோணல் கோணல்தான். வேறொன்று செய்யலாமே தவிர, அதையே திருத்த முடியாது. நேர்மையான கணக்கும் அவ்வாறே. உறுதி செய்வதற்கு முன் மாற்றலாம். உறுதியான பின் பிழை தெரிந்தால், பழைய வரியை அப்படியே விட்டுவிட்டு, காரணத்துடன் புதிய திருத்த வரி எழுத வேண்டும். பழைய வரியைச் சுவடின்றி அழிப்பது திருத்தம் ஆகாது, மோசடியாகிவிடும்.

இந்த ஏட்டுக்குக் காவல் இருப்பவரே நம் மாணவர். யார் எதைப் பார்க்கலாம் என்று அனுமதி அளிப்பது, அன்றாடம் நகல் எடுத்து வைப்பது, பழுது நேர்ந்தால் மீட்பது யாவும் அவர் பொறுப்பு. மக்கள் பயன்படுத்தாத நேரத்தில்தான் பெரிய மாற்றங்களைச் செய்ய முடியும். எனவே ஊர் உறங்கும்போது அவர் விழித்திருக்கிறார்.

கலீஃபா தம் பெயரை எங்கே வைத்தார்?

ஏட்டைக் காப்பவன் தனக்குச் சாதகமாக ஒரு வரியை நகர்த்துவது எத்துணை எளிது! நாம் அறிந்த வரலாற்றிலேயே இதற்கோர் அழகிய படிப்பினை உண்டு.

கி.பி. 634 முதல் 644 வரை ஆட்சி புரிந்த இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அரசுக் கருவூலத்திலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்குவதற்காகத் 'திவான்' என்னும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். வம்ச வரலாறு அறிந்த அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகிய மூவரிடம் பெயர்களை வரிசைப்படுத்தும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் நபி (ஸல்) அவர்களின் குடும்பத்தை முதலிலும், அடுத்து அபூபக்ர் (ரலி) அவர்களின் குலத்தையும், அதற்கடுத்து உமர் (ரலி) அவர்களின் குலத்தையும் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஆட்சியாளரின் குலம் முன்னால் வருவது இயல்புதானே என்று எண்ணினார்கள் போலும்!

கலீஃபா அதை ஏற்கவில்லை. நபிகளாரின் உறவில் நெருக்கமானவர்களிலிருந்து தொடங்கி வரிசையாக எழுதுமாறும், தமக்கு உரிய இடம் எங்கு வருகிறதோ அங்கு தம்மை வைக்குமாறும் ஆணையிட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

கவனியுங்கள். ஏடு அவர்களுடையது, ஆட்சி அவர்களுடையது, தட்டிக் கேட்பார் யாருமில்லை. எழுதியவர்களும் கலீஃபா சொல்லி அவ்வாறு எழுதவில்லை. ஆனாலும் தமக்குச் சாதகமான வரிசையைத் தாமே கலைத்தார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், சாட்சி வைக்கவும், எழுதுபவர் நீதியோடு எழுதவும் வலியுறுத்தும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

மறைத்து வைத்த பட்டியல்கள்

இனி நம் காலத்துக்கு வருவோம். 2009 ஜனவரி 7ஆம் நாள். ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு எழுதிய கடிதம் ஒன்று நாட்டையே உலுக்கியது. நிறுவனத்தின் கணக்கில் ரொக்கமாகவும் வங்கியிலும் இருப்பதாகக் காட்டப்பட்ட தொகையில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அவரே அதில் ஒப்புக்கொண்டிருந்தார்.

இது நடந்தது எவ்வாறு? மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணையில் வெளிவந்த செய்தி நம் மாணவரின் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையது. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விலைப்பட்டியல்களை நிர்வகிக்க அந்நிறுவனத்தில் ஒரு கணினி முறை இருந்தது. எல்லா அதிகாரமும் கொண்ட 'சூப்பர் யூசர்' என்னும் தனிச் சாவியைப் பயன்படுத்தி, நடவாத வேலைக்கான பொய்ப் பட்டியல்கள் அதில் நுழைக்கப்பட்டன. சம்பந்தப்பட்ட பிரிவினரின் கண்ணுக்குப் புலப்படாதவாறு அவை மறைத்தும் வைக்கப்பட்டன. அவ்வாறான பட்டியல்கள் 7,561 என்றும், அவற்றின் மதிப்பு 5,117 கோடி ரூபாய் என்றும் புலனாய்வில் கூறப்பட்டது.

2015 ஏப்ரலில் ஐதராபாத் தனி நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பத்துப் பேரும் முதலாளிமார்கள் அல்லர் என்பதே நாம் உற்று நோக்க வேண்டியது. நிதிப் பிரிவில் சம்பளத்திற்கு வேலை பார்த்த ஊழியர்களும் அவர்களுள் இருந்தார்கள். 'மேலிருந்து சொன்னார்கள், செய்தேன்' என்ற சமாதானம் கூண்டில் நிற்கும்போது எத்துணை தூரம் துணைவரும்?

குற்றம் செய்யாதவர் சிறை சென்ற கதை

சாவி தவறாகப் பயன்பட்டால் கணக்கு பொய்யாகும் என்று கண்டோம். சாவி எவரிடம் இருக்கிறது என்பதையே மறைத்தால் என்ன ஆகும்? அதற்கு இங்கிலாந்து சாட்சி.

அந்நாட்டு அஞ்சல் துறை 1999ஆம் ஆண்டு முதல் தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்ற கணினி முறையைக் கொண்டுவந்தது. ஃபுஜிட்சு நிறுவனம் அதைப் பராமரித்தது. கிளைகளை நடத்திய எளிய மக்களின் கணக்கில் திடீர் திடீரெனப் பணம் குறைந்தது. கணினி தவறு செய்யாது என்று அஞ்சல் துறை சாதித்தது. குறைந்த பணத்தைத் தம் சேமிப்பிலிருந்து கட்டியவர்கள் பலர். வீட்டை இழந்தவர்கள் பலர். அஞ்சல் துறை தொடுத்த வழக்குகளிலும் பிற வழக்குகளிலும் சேர்த்து 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆக்கப்பட்டனர். இந்திய வம்சாவளியினரான சீமா மிஸ்ரா என்ற பெண்மணிக்கு, அவர் கருவுற்றிருந்த நிலையிலேயே 2010 நவம்பரில் பதினைந்து மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பிழை மென்பொருளில் இருந்தது! அதைவிடக் கொடுமை மற்றொன்று. கிளையில் இருப்பவர் அறியாமலே ஃபுஜிட்சு ஊழியர்கள் தொலைவிலிருந்து அவருடைய கணக்கில் கை வைக்க முடியும். அப்படியொரு வழியே இல்லை என்று அஞ்சல் துறை பல ஆண்டுகள் மறுத்து வந்தது. ஆலன் பேட்ஸ் என்பவர் தலைமையில் 550க்கும் மேற்பட்டோர் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உண்மையை வெளிக்கொணர்ந்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. எஞ்சிய நூற்றுக்கணக்கானோரை விடுவிக்க 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

தொலைவில் அமர்ந்து அந்த ஏட்டைத் தொட முடிந்தவர்களும் நம் பிள்ளைகளைப் போலச் சம்பளத்திற்கு வேலை பார்த்தவர்களே. 'எங்களால் மாற்ற முடியும், நாங்கள் மாற்றியும் இருக்கிறோம்' என்று உரிய காலத்தில் உரக்கச் சொல்லப்பட்டிருந்தால், எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்?

இரவு விழிப்பும் மனிதப் பிழையும்

எல்லாத் தவறும் வஞ்சகத்தால் நேர்வதில்லை. களைப்பாலும் நேர்கிறது.

2017 ஜனவரி 31ஆம் நாள், கிட்லேப் என்ற நிறுவனத்தில் இரவு நெடுநேரம் வரை பழுது நீக்கிக்கொண்டிருந்த ஒரு பொறியாளர், துணைக் கணினியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மூலக் கணினியில் அழிப்பு ஆணையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும் பயனில்லை. சுமார் 300 ஜிகாபைட் தகவலில் நாலரை ஜிகாபைட் அளவே எஞ்சியது. சரி, நகல் இருக்குமே என்று தேடினால், ஐந்து விதமாக ஏற்பாடு செய்திருந்த பாதுகாப்புகளில் ஒன்றும் ஒழுங்காக இயங்கவில்லை. நல்லவேளையாக, ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு காரியத்திற்காக எடுத்து வைத்த பிரதி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு மீட்டார்கள். இடையிலிருந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போனவை போனவையே.

அந்நிறுவனம் அதன் பிறகு செய்தது பாராட்டுக்குரியது. பிழையை மறைக்கவில்லை. மீட்புப் பணி நடக்கும்போதே உலகறிய அறிவித்தது. பொறியாளரைப் பலிகடா ஆக்காமல், ஒரே ஒரு மனிதனின் களைப்பினால் அனைத்தும் அழியக்கூடிய நிலை ஏன் இருந்தது என்று தன்னையே கேட்டுக்கொண்டது. நம் நாட்டு அலுவலகங்கள் பலவற்றில் அப்பொறியாளருக்கு மறுநாள் என்ன நேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! தண்டனைக்கு அஞ்சுபவன் பிழையை மறைப்பான். மறைக்கப்பட்ட பிழை வளரும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் மாணவர் செய்யுமாறு பணிக்கப்பட்ட காரியம் சட்டத்தின் கண்ணில் எத்தகையது? கணினியில் உள்ள தகவலை நேர்மையற்ற நோக்கத்துடன், உரியவர் அனுமதியின்றி அழிப்பதும் மாற்றுவதும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஏமாற்றும் நோக்கத்துடன் எழுத்தரோ ஊழியரோ தம் முதலாளியின் கணக்கைத் திரித்தால், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 344ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறை என்கிறது. மின்னணுப் பதிவும் அதில் அடங்கும். ஆணையிட்டவருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் ஆணை தொலைபேசியில் வந்தது. கை இவருடையது!

சட்டம் ஊழியருக்குத் துணையும் நிற்கிறது. கணினித் துறையினருக்குத் தொழிலாளர் சட்டமே பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. டாடா கன்சல்டன்சி நிறுவனத்தில் பணிநீக்கம் செய்யப்பட்ட, கருவுற்றிருந்த பெண் ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2015 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பணிநீக்கத்திற்கு இடைக்காலத் தடை விதித்தது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. 'நிர்வாகி' என்று பதவிக்குப் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் தொழிலாளர் அல்லாதவர் ஆகிவிடமாட்டார், அவர் செய்யும் வேலையின் தன்மையே முக்கியம் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கூறிவருவது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பணியமர்த்துவோர் எழுத்துப்பூர்வமான நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன.

பொதுமக்களின் அந்தரங்கத் தகவலைக் காப்பதற்கும் 2023இல் ஒரு சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைப்படுத்தப்படுகின்றன. தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

இளைஞர்களே, இல்லத்தாரே!

இவ்வளவையும் படித்த பின் எனக்குப் புலப்பட்டது ஒன்றுதான். ஏட்டில் பெயர் எழுதப்பட்டிருக்கும் மக்களையும், ஏட்டைக் காப்பவரையும் ஒருசேரக் காக்கும் அரண் ஒன்றே. சாவி எவர் கையில் இருந்தாலும், அதை அவர் திறந்ததற்குச் சாட்சி வேறொருவர் கையில் இருக்க வேண்டும். சத்யத்தில் சாட்சி மறைக்கப்பட்டது. இங்கிலாந்தில் சாவி இருப்பதே மறுக்கப்பட்டது. இரண்டிலும் விளைந்தது அழிவு.

ஆகவே, இத்துறையில் இருக்கும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள்.

உங்கள் கடவுச்சொல்லை எவருக்கும் கொடாதீர்கள். பிறருடைய கடவுச்சொல்லில் நீங்களும் வேலை செய்யாதீர்கள். உங்கள் பெயரில் நடந்ததற்கு நீங்களே பதில் சொல்ல வேண்டிவரும்.

பதிவை மாற்றச் சொல்லும் ஆணையை எழுத்தில் கேளுங்கள். சண்டையிட வேண்டாம். 'ஐயா, ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், செய்கிறேன்' என்று பணிவாகக் கேட்டாலே போதும். தவறான ஆணைகளில் பெரும்பாலானவை எழுத்துக்கு வருமுன்னரே இறந்துவிடும். எழுத்தில் வந்தாலும் பொய் பொய்தான் என்பதை மறவாதீர்கள்.

உங்கள் செயல்களைக் காட்டும் குறிப்பேட்டை நீங்களே அழிக்கக்கூடிய நிலை இருந்தால், அதை மாற்றுமாறு நிறுவனத்திடம் கேளுங்கள். அது உங்கள் மீதான அவநம்பிக்கையன்று. நாளை உங்கள் மீது பழி வந்தால், அதுவே உங்கள் சாட்சி.

எடுத்த நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பாருங்கள். கண் செருகும் நேரத்தில் அழிப்பு ஆணை எதையும் தனியே இடாதீர்கள். உடன் பணிபுரிபவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிழை நேர்ந்துவிட்டால் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வேலையை விட்டு விலகும்போது சாவிகளை முறையாக ஒப்படையுங்கள். கோபத்தில் எதையும் அழிப்பதும், தகவல்களை நகலெடுத்துக்கொண்டு போவதும் அமானித மோசடி.

இல்லத்தாருக்கும் சொல்ல வேண்டும். மகன் இரவெல்லாம் விழித்துவிட்டுப் பகலில் தூங்கினால், சோம்பேறி என்று ஏசாதீர்கள். மருமகன் விருந்துக்கு நடுவே தொலைபேசியுடன் எழுந்து போனால், மரியாதைக் குறைவாக எண்ணாதீர்கள். இத்துறையில் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அலுவலகத்தில் இரவுப் பணி முடித்து, வீட்டில் சமையல் பணி தொடங்கும் மகளுக்கும் மருமகளுக்கும் தூக்கம் தேவை என்பதை உணருங்கள். அனைத்துக்கும் மேலாக, பிள்ளையின் சம்பளத்தை முழுவதும் கணக்கிட்டுக் கடன் மேல் கடன் வாங்காதீர்கள். மாதத் தவணை கழுத்தை நெரிக்கும்போது, 'முடியாது' என்ற சொல் தொண்டையிலிருந்து எழாது. ஒரு பிள்ளை நேர்மையாக இருப்பதற்கு, ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு எத்துணை பெரிய துணை தெரியுமா?

பிறகு நடந்தது

பெருநாள் முடிந்து சென்னை திரும்பிய மாணவர், மேலதிகாரிக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். 'நேரம் தவறாகப் பதிவாகியிருந்தால், பழைய நேரத்தை வைத்துக்கொண்டே, காரணத்துடன் திருத்தத்தைத் தனிக் கட்டத்தில் சேர்க்கலாம். வாடிக்கையாளர் நிறுவனத்திற்கும் தெரிவித்துவிடலாம். தங்கள் ஆணையை எதிர்பார்க்கிறேன்' என்பது அதன் சாரம்.

பதில் வரவில்லை. அறிக்கை உள்ளது உள்ளபடியே போயிற்று. நிறுவனம் அபராதம் கட்டியது. சில வாரங்களில் இவரை வேறு குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். அவ்வாண்டு சம்பள உயர்வு பெயருக்குத்தான் கிடைத்தது. இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார். இன்னும் கிடைக்கவில்லை. உண்மையாக நடந்தால் உடனே நன்மை வந்து குவியும் என்று நான் உங்களுக்குக் கதை சொல்ல விரும்பவில்லை.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அவர் பயப்படவில்லையாம். தரவுத்தளம் என்றால் என்னவென்று கூடக் கேட்கவில்லையாம். முப்பது ஆண்டுகள் பிறருடைய நெல் மூட்டைகளுக்குக் கணக்கெழுதியவரல்லவா?

"பொய்க் கணக்கில் உன் கை பட்டதா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"இல்லை அத்தா."

"அப்படியானால் தூங்கு. கடன் மெதுவாக அடையட்டும்" என்றாராம்.

வாசக நெஞ்சங்களே! உங்கள் வீட்டிலும் ஏதோ ஓர் ஏட்டைக் காக்கும் பிள்ளை இருக்கலாம். இன்று இரவு அவர் வீடு திரும்பியதும், சம்பளம் எவ்வளவு கூடியது என்று கேட்பதற்கு முன், வேலையில் மனம் நிம்மதியாக இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.